ஓடுகிற வண்டியைப் பாதி வண்டி ஆக்காதீர்கள்



ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் பழைய டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 80 சீரிஸ் வைத்திருக்கிறார்கள். 1990-களின் வண்டி. எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபுல் டைம் வகை. அதில் ஒரு கிட் போட்டு, வேண்டும்போது மட்டும் முன்சக்கரம் இழுக்கும் பார்ட் டைமாக மாற்றப்போவதாக ஒருவர் எழுதியிருந்தார். "டீசல் மிச்சம் சார், நஷ்டம் ஒன்றும் இல்லை" என்கிறார். நஷ்டம் இருக்கிறது தம்பி.

400 மீட்டர் ஓட்டத்துக்குக் கோடு போடும்போது வெளிவட்டப் பையனை ஏன் முன்னால் நிறுத்துகிறோம்? வளைவில் வெளிவட்டம் நீளம் அதிகம். வண்டி திரும்பும்போதும் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் சென்டர் டிஃபரன்ஷியல். அது இருப்பதால்தான் தார் ரோட்டிலும் நான்கு சக்கரமும் இழுக்க முடிகிறது. கிட் போடுகிறவர்கள் அதன் வேலையை நிறுத்திவிட்டு, முன்சக்கரங்களில் ஃப்ரீ வீல் ஹப் மாட்டுகிறார்கள்.

பிறகு என்ன ஆகும் என்பது வல்லத்தில் டிராக்டர் ஓட்டுகிறவருக்குத் தெரியும். சேடை ஓட்டும்போது ஃபோர் வீல் லீவரைப் போடுகிறோம். கழனியை விட்டு ரோட்டுக்கு ஏறினால் எடுத்துவிடுகிறோம். எடுக்காமல் செஞ்சி வரை ஓட்டினால் முன் டயர் தேயும், கியர் இறுகும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் அதற்கு வழியில்லை.

மாற்றிய லேண்ட் க்ரூஸரும் அப்படித்தான். தார் ரோட்டில் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். இரண்டு டன்னுக்கு மேல் எடை, உள்ளே குடும்பம், வெளியே மழை, எதிரே வளைவு. அந்த நேரத்தில் பாதி இழுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவது சிக்கனமா?

டீசல் கணக்கையும் போடுவோம். லிட்டருக்கு 7 கி.மீ. ஓடுவது 7.5 ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டினால் மிச்சம் சுமார் 95 லிட்டர். கிட் விலையையும் கூலியையும் கூட்டி, 95 லிட்டரின் விலையால் வகுத்துப் பாருங்கள். வருகிற விடை, முதல் திரும்பிவர ஆகும் ஆண்டுகள். இத்தனை வயதான வண்டி அதுவரை ஓடுமா? வண்டியின் எடையும் குறையவில்லை, எதிர்க்காற்றும் குறையவில்லை. பெரிய மிச்சம் எங்கிருந்து வரும்?

இந்த ஆசை புதிதல்ல. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் ஃபுல் டைம் பிக்கப் வண்டிகளுக்கும் இப்படிக் கிட் விற்றார்கள். 1980 வாக்கில் நிறுவனங்களே பார்ட் டைமுக்குத் திரும்பின. அதைக் காட்டி வாதாடுவார்கள். நிறுவனம் புதிதாக வடிவமைத்துத் தருவது வேறு. ஓடி ஓய்ந்த வண்டியின் வயிற்றைப் பிரித்து மாற்றுவது வேறு.

"கிளம்பும்போது கடக்கென்று சத்தம், அது போய்விடும்" என்றும் சொல்கிறார்கள். சத்தம் வருவது எங்கோ தேய்ந்திருப்பதால். யூனிவர்சல் ஜாயின்ட்டையும் ஆக்சில் முனையையும் பார்த்துத் தேய்ந்ததை மாற்றுங்கள். காய்ச்சல் வந்தவனுக்கு வைத்தியம் பார்க்காமல் தெர்மாமீட்டரை ஒளித்து வைக்கலாமா?

சென்டர் டிஃபரன்ஷியலே உடைந்து, உதிரிப் பாகமும் கிடைக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவ்வப்போது ஹப்பைப் பூட்டிச் சிறிது தூரம் ஓட்டுங்கள். முன் ஜாயின்ட்டுக்கு கிரீஸ் போய்ச் சேரவேண்டும். நம் நாட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை மறக்க வேண்டாம். கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

மற்றவர்கள் வகுத்தல் கணக்கைப் போட்டு விடையைக் கீழே எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.