வளைகாப்புக்குச் சங்குப்பூ பானம் கொடுக்கலாமா?

“எங்கள் தோட்டத்து வேலியில் நீலச் சங்குப்பூ மண்டிக் கிடக்கிறது. நகரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், உலர்ந்த சங்குப்பூவில் செய்த ‘காக்டெயில்’ கொடுத்தார்கள். எலுமிச்சை விட்டதும் நிறம் மாறியது. மது கலக்காமல் மகளின் வளைகாப்புக்கு அதைச் செய்ய முடியுமா? பூவை உலர்த்தி விற்க, அரை ஏக்கரில் கொடி போடலாமா?”

- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

தாராளமாகச் செய்யலாம். தாய்லாந்தில் எலுமிச்சையும் தேனும் சேர்த்துச் சாதாரணமாகக் குடிக்கும் பானம்தான் இது. பூவிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்புப் பட்டதும் நீலத்திலிருந்து ஊதாவாக மாறும். வேறு மாயம் எதுவும் இல்லை.

காலையில் பனி காய்ந்ததும் பூப் பறியுங்கள். பிஞ்சுக் காய் கலக்கக் கூடாது. அதன் விதை பேதியாக்கும். அடியிலுள்ள பச்சைப் புல்லியைக் கிள்ளிவிட்டு, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். மூன்று நான்கு நாளில், விரலால் நசுக்கினால் நொறுங்கும் பதம் வரும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்ததைக் கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி, இருட்டில் வையுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 40 உலர் பூ, தட்டிய இஞ்சித் துண்டு ஒன்று போட்டு 10 நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டி, 100 கிராம் சர்க்கரை கரைத்து ஆறவிடுங்கள். நாட்டுச் சர்க்கரை போட்டால் நீலம் மங்கிவிடும். இதற்கு மட்டும் வெள்ளைச் சர்க்கரையை மன்னித்துவிடலாம். எலுமிச்சைச் சாற்றை விருந்தாளி முன்பாக டம்ளரில் விடுங்கள். போர் தண்ணீர் என்றால் நிறம் பச்சையடிக்கலாம். அதனால் முதல் நாளே ஒரு டம்ளர் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அழகுக்காகக் கடைப் பூவை மேலே தூவ வேண்டாம். மாலைக்கு வரும் ரோஜா, சாமந்தியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். அரளி, ஊமத்தை, செங்காந்தள் மூன்றும் விஷம். பானம் வைக்கும் மேசைப் பக்கமே வரக் கூடாது. குழந்தைகள் கை எதற்கும் நீளும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு இந்தப் பானம் வேண்டாம். கர்ப்பக் காலத்தில் இது பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய ஆய்வுகள் இல்லை. அவருக்குத் தனியாகப் பானகம் கரைத்துக் கொடுங்கள்.

இனி அரை ஏக்கர் விஷயம். இப்போது வேண்டாம் என்பதே என் பதில். ஒரு கிலோ உலர் பூவுக்கு ஏறக்குறைய 10 கிலோ பச்சைப் பூ வேண்டும். இந்தப் பூவுக்குக் கனமே கிடையாது. தினமும் ஒவ்வொன்றாகக் கையால் பறிக்க வேண்டும். கூலி ஆள் வைத்தால் கணக்கு உதைக்கும். ஏற்றுமதி ஆசை காட்டுபவர்களிடமும் கவனம் தேவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலர்ந்த சங்குப்பூவை உணவாக விற்பதற்கு 2022-ல் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. அமெரிக்கா 2021-ல் அனுமதித்தது, பூவின் சாற்றை உணவு நிறமியாகப் பயன்படுத்துவதற்குத்தான்.

வேலியில் இருப்பதிலேயே அரைக் கிலோ உலர்த்துங்கள். பறிக்க எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். அதை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் இயற்கை அங்காடிகளில் விலை கேளுங்கள். விற்பதாக முடிவானால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகு பாக்கெட் போடுங்கள்.