ஒப்புமை சான்றாகுமா?

பழம்பாறையொன்றின் மேற்பரப்பில் விசித்திரமான வடிவமொன்று தென்படுகின்றது. அது தொல்லுயிர் ஒன்றின் சுவடாக இருக்கலாம். உயிரற்ற விசைகள் வரைந்த வெறுங்கோலமாகவும் இருக்கலாம். இதனைத் தீர்மானிக்குமிடத்து, முன்னரே அறிந்த ஒன்றைப்போல அது தோன்றுகின்றது என்பதையே சான்றாகக் கொள்ளும் போக்கு அறிவுலகில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இப்போக்கு கண்டிக்கப்பட வேண்டியது. ஒப்புமை ஆராய்ச்சியின் தோற்றுவாயாகலாம். ஒருபோதும் அதன் முடிபாகாது.

மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காக் குகைகள் தொல்லோவியங்களாற் புகழ்பெற்றவை. அங்கு குகையொன்றின் கூரையில் இலைபோல வரிகளோடிய வடிவமொன்றைக் கண்ட ஆய்வாளர் சிலர், அது டிக்கின்சோனியாவின் உயிர்ச்சுவடு என 2021 இல் அறிவித்தனர். தென் அவுஸ்திரேலியாவின் எடியாக்காராக் குன்றுகளிற் கிடைத்து, 1947 இல் ஸ்பிரிக் என்பவரால் விவரிக்கப்பெற்ற தொல்லுயிர் அது. 2022 இன் இறுதியில் ஜோசப் மீர்ட் குழுவினர் அவ்விடத்தை நேரிற் சென்று ஆராய்ந்தனர். அவர்கள் கண்டது மலைத்தேனீக்கள் கட்டிய கூட்டின் எச்சமே. 550 மில்லியன் ஆண்டு மூப்புடையதெனக் கொண்டாடப்பட்ட பொருள், இரண்டொரு ஆண்டுகளுள் சிதைந்து பாறையை விட்டு உரியத் தொடங்கியிருந்தது!

இதனை நகைப்புக்குரிய செய்தியாக மட்டும் கொள்வது பேதைமை. அப்பாறை விந்தியப் படிவுத் தொகுதியின் மேற்பகுதியைச் சேர்ந்தது. அதன் வயது ஏறத்தாழ 1000 மில்லியன் ஆண்டுகள் என, பாறையின் காந்தத் திசைகளையும் சிர்க்கோன் மணிகளையும் ஆராய்ந்தோர் கூறிவந்தனர். அதனினும் மிக இளையது எனக் கொண்டோரும் உளர். இவ்வழக்கைத் தீர்க்கும் சாட்சியாகவே அந்தத் தேன்கூடு கொண்டுவரப்பட்டது. பொய்ச்சாட்சியொன்று நிலைத்திருப்பின், ஒரு நிலப்பரப்பின் வரலாற்றில் ஏறத்தாழ 450 மில்லியன் ஆண்டுகள் பிறழ்ந்திருக்கும்.

“தவறு திருத்தப்பட்டதே, இனி என்ன குறை?” என வினவுவோர் உளர். முதலில் அறிவித்த குழுவின் தலைவர் ரெட்டாலாக் பிழையை ஏற்றுக்கொண்டமை போற்றத்தக்கது. ஆயின் எல்லாப் பிழைகளும் இத்துணை விரைவில் மாள்வதில்லை. கனடாவின் தொன்மையான சுண்ணாம்புக்கல்லிற் காணப்பட்ட அடுக்குக் கோலத்திற்கு 1865 இல் டோசன் ‘ஈயோசோன்’ எனப் பெயரிட்டார். ‘விடியற்கால விலங்கு’ என்பது அதன் பொருள். அது கனிப்பொருட் கோலமேயென மறுநாண்டிலேயே கிங், ரௌனி ஆகியோர் வாதிட்டனர். வெசூவியஸ் எரிமலை வீசிய சுண்ணாம்புக் கற்களிலும் அத்தகைய அடுக்குகள் உள்ளமை 1894 இல் வெளிப்பட்டது. எரிமலையின் வெப்பத்தில் விளைந்த கோலத்தை விலங்கென்பது எங்ஙனம்? டோசனோ 1899 இல் இறக்கும்வரை தம் கொள்கையை விட்டாரில்லை. ஒரு வடிவத்திற்குப் பெயர் சூட்டியபின் பெயரே சான்றாகிவிடுகின்றது. பெருமையும் அதனோடு ஒட்டிக்கொள்கின்றது.

அவ்வாறாயின் நெறி யாது? அதனையும் டிக்கின்சோனியாவே காட்டுகின்றது. அது விலங்கா, பாசியா, பூஞ்சணமா என்ற வாதம் வடிவத்தை மட்டும் நோக்கியவரை ஓயவில்லை. 2018 இல், ருசியாவின் வெண்கடற் பகுதிச் சுவடுகளில் எஞ்சியிருந்த சேதனப் படலம் பகுத்தாராயப்பட்டது. விலங்குகளுக்குரிய கொலஸ்திரோலின் எச்சங்கள் அதில் மிகுந்திருந்தன. சுற்றியிருந்த படிவிலோ பச்சைப் பாசிகளுக்குரிய எச்சங்கள் மேலோங்கியிருந்தன. சுவட்டை மட்டுமன்றி அதன் சுற்றாடலையும் சோதித்தமையே அம்முடிபுக்கு வலுவளித்தது.

உயிர்ச்சுவடு என உரிமை கோருபவரே அதனை நிறுவும் கடப்பாடு உடையவர். அது பாறை படிந்த காலத்தே உண்டானதா, பின்னர் ஒட்டியதா? உயிரின்றியும் அது தோன்றுமா? இவ்வினாக்களுக்கு விடை கூறுமுன் பெயர் சூட்டுதல் ஆராய்ச்சியன்று, அவசரமே. பட்டத்திற்கும் பதவிக்கும் கட்டுரைகளை எண்ணிக் கணக்கிடும் பல்கலைக்கழகங்கள் இவ்வவசரத்திற்குத் துணைபோகின்றன. “தெரியவில்லை” எனத் துணிந்து எழுதும் மாணவனைத் தண்டியாது மதிக்கும் துறைகளே நமக்கு வேண்டும்.