பல்தடத்துக்கு விலை, யார் பெறுவது?

தெருநாய் கடித்தால் ஒவ்வொரு பல்தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய்; சதை பிய்ந்திருந்தால் காயத்தின் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20,000 ரூபாய். பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் வகுத்த அளவுகோல் இது. முதற்பொறுப்பு மாநில அரசுக்கே. மாவட்டத் துணை ஆணையர் தலைமையிலான குழு நான்கு மாதங்களுக்குள் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. வரவேற்கிறோம்.

ஆனால் விடியுமுன் குப்பை அள்ளச் செல்லும் துப்புரவுத் தொழிலாளி கடிபட்டால், தடுப்பூசிக்காகவே நான்கைந்து முறை மருத்துவமனைக்கு அலைந்து கூலியை இழக்கிறார். சிகிச்சைச் சீட்டுகளைப் பாதுகாத்து, மனு எழுதி, அலுவலகப் படியேற அவருக்கு ஏது அவகாசம்? (காரில் செல்வோரை நாய் துரத்துவதோடு சரி.) இந்த அளவுகோலை நாடு முழுமைக்கும் சட்டமாக்க வேண்டும். அதுவரை அவ்விரு மாநிலங்களிலும் கடிபட்டோரின் சீட்டுகளைத் திரட்டி, மனு எழுதித் தருவதைக் கட்சிக் கிளைகள் தம் வேலையாக ஏற்கட்டும்.