கலப்பில்லாத பாஷை எது? கொஞ்சம் சொல்லுங்கள் பார்ப்போம்



நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை ஒரு பெற்றோர் கூட்டம். ஊரில் மதிப்புள்ள, படித்த ஒருவர் எழும்பிச் சொன்னார்: "இங்கிலீஷ் சுத்தமான பாஷை. நம்மட பேச்சு அரபும் போர்த்துக்கீசும் சிங்களமும் கலந்த அச்சாறு. அதுதான் நம்மட பிள்ளைகள் முன்னுக்கு வாறதில்லை."

சபை கைதட்டியது. பின்வரிசையில் உம்மாவோடு இருந்த என் மாணவி ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். கடன் என்பதற்கான 'டெட்' என்ற ஆங்கிலச் சொல்லை 'பி' இல்லாமல் எழுதியதற்காக அன்று காலை வகுப்பே அவளைப் பார்த்துச் சிரித்திருந்தது.

அன்று நான் வாய் திறக்கவில்லை. அது என் பிழை. இன்று சொல்கிறேன்.

1066இல் பிரான்சின் வடகரையிலுள்ள நோர்மண்டியின் கோமகன் வில்லியம் கடல் கடந்து வந்து, ஹேஸ்டிங்ஸ் போரில் இங்கிலாந்து மன்னர் ஹரோல்டை வென்றார். அதன்பின் ஏறத்தாழ 300 வருடங்கள் இங்கிலாந்தின் அரண்மனையிலும் பிரபுக்கள் வீட்டிலும் பிரெஞ்சுதான். ஆங்கிலம் வயலிலும் தொழுவத்திலும் கிடந்தது.

நம்பவில்லையா? சாப்பாட்டைப் பாருங்கள். தொழுவத்தில் நிற்கும்வரை 'ஒக்ஸ்', 'ஷீப்'. இவை பழைய ஆங்கிலம். சமைத்து மேசைக்கு வந்ததும் 'பீஃப்', 'மட்டன்'. இவை பிரெஞ்சு. வளர்த்தவன் ஒருவன், தின்றவன் இன்னொருவன்.

ஜஸ்டிஸ், ஜட்ஜ், பார்லிமென்ட், கவர்மென்ட், டெக்ஸ், ஆர்மி எல்லாம் பிரெஞ்சு வழியாக வந்தவை. ஆங்கில அகராதியில் கால்வாசிக்கு மேல் அப்படித்தான். வழக்குகளை ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று 1362இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! இன்றும் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஒரு சட்டத்துக்கு மன்னரின் சம்மதம் பழைய பிரெஞ்சு வாசகத்தில்தான் அறிவிக்கப்படுகிறது.

இனி அந்தப் பிள்ளையின் 'டெட்'டுக்கு வருவோம். அதுவும் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ஆரம்பத்தில் ஆங்கிலேயரே அதை 'பி' இல்லாமல்தான் எழுதினார்கள். பிறகு லத்தீன் மோகம் பிடித்த படிப்பாளிகள் 'டெபிட்டும்' என்ற லத்தீன் சொல்லைப் பார்த்து ஒரு 'பி'யைச் செருகினார்கள். நாக்கு அதை இன்றுவரை ஏற்கவில்லை. பரீட்சையில் அவள் எழுதியதற்கு நான் புள்ளி தரமாட்டேன். ஆனால் அவளை மடைச்சி என்று சிரிக்க யாருக்கும் உரிமை இல்லை.

"அவர்கள் இரண்டு பேரும் பரம எதிரிகள் ஆயிற்றே" என்பீர்கள். உண்மைதான். 1337 முதல் 1453 வரை நடந்த நூறாண்டுப் போரே அதற்குச் சாட்சி. ஆனால் அது எப்படித் தொடங்கியது? இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் தாய் பிரெஞ்சு மன்னரின் மகள். தாய்வழியில் அந்த முடி தனக்கே என்றார் மகன். சொத்துச் சண்டை! போரைக் குறிக்கும் ஆங்கில 'வோர்', பிரெஞ்சு 'கெர்' இரண்டும்கூட ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து வந்தவை. அடித்துக்கொள்ளும் சொல்லிலும் உறவுதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். தாய், தகப்பன், தண்ணீர், வீடு போன்ற ஆங்கிலத்தின் அடிப்படைச் சொற்களும் இலக்கணத்தின் எலும்பும் ஜெர்மானியம்தான். என் வாதமும் அதுவே. இவ்வளவு கடன் வாங்கியும் அது செத்துப்போகவில்லை. உலகம் முழுக்கப் பரவியது. பிரெஞ்சுக்காரர் 1994இல் தம் மொழியைக் காக்கச் சட்டமே போட்டார்கள். ஆனாலும் இன்றும் 'வீக்கென்ட்' என்றுதான் சொல்கிறார்கள்.

அப்படியிருக்க, மௌத்து, துஆ, பாண், மேசை, அலுமாரி என்று பேசும் நமக்கு மட்டும் என்ன வெட்கம்? நம் வாப்பாமார் யாரோடு தொழுதார்கள், யாரோடு வியாபாரம் செய்தார்கள், யார் பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தச் சொற்களே சாட்சி.

பிள்ளைக்கு ஆங்கிலம் படிப்பியுங்கள். நன்றாகவே படிப்பியுங்கள். ஆனால் உம்மாவின் பேச்சைக் கேட்டுக் கூசப் படிப்பிக்காதீர்கள்.

கூட்டத்தில் பேசிய சகோதரரே, கோபிக்க வேண்டாம். மறுப்பிருந்தால் கீழே எழுதுங்கள். கதைப்போம்.