ஆறாத சுடுநீரும் வியர்க்கும் பானையும்

"கொதித்தாறிய நீரைப் பருகுங்கள்." இந்த வாசகத்தை நாம் எத்தனை தடவை சொல்லியிருப்போம்! இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த கொட்டில்களில் சுவரொட்டியாக ஒட்டினோம், கூட்டங்களில் வலியுறுத்தினோம். வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் பரவிய வேளைகளில், மக்கள் சொற்கேளாமல் இருக்கிறார்களே என்று சலித்தும் கொண்டோம். ஒருநாள் ஒரு தாய் எமக்குச் சொன்ன பதில் எம்மை வாயடைக்கச் செய்தது.

"சுவாமி, கொதிக்க வைக்கோணும் எண்டு எங்களுக்கும் தெரியும். இந்தத் தகரத்துக்குக் கீழை அது எப்ப ஆறுறது? பிள்ளையள் சுடுதண்ணியைக் குடிக்குதுகள் இல்லை, கிணத்தடிக்கு ஓடுதுகள்."

கொதிக்க வைப்பதைப் பற்றியே பேசிய நாம், ஆற வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தவறு எம்முடையதே.

நீர் ஆறுவது எப்படி? சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் செல்கிறது. ஆனால் காற்று வெப்பத்தை மெதுவாகவே வாங்கும். நீர் விரைவாக வாங்கும். ஆகவே கொதித்த பாத்திரத்தை மூடியபடியே ஒரு பேசின் தண்ணீருக்குள் வையுங்கள். 5 லீற்றர் கொதிநீரை, 30 பாகை வெப்பமுள்ள 10 லீற்றர் தண்ணீருக்குள் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய 53 பாகையில் சமநிலைக்கு வரும். வெளித்தண்ணீரை ஒருமுறை மாற்றினால் 38 பாகை வரை இறங்கும். அந்தத் தண்ணீர் வீணாவதில்லை. ஆறவிட்டுக் கத்தரிக்கன்றுக்கு ஊற்றலாம்.

இதற்குக் கீழே இறக்குவதற்குத்தான் மண்பானை வேண்டும். வயலில் வேலை செய்து வியர்த்தவர் மரநிழலில் காற்றுப்பட இருந்தால் உடல் குளிர்கிறதல்லவா? வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. திரவம் ஆவியாக மாறும்போது இவ்வாறு உட்கொள்ளும் வெப்பத்தை மறைவெப்பம் என்பர். 1760களில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்பவர் இதனை ஆராய்ந்து விளக்கினார். ஆனால் எமது குயவர்களின் பானை அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே இந்த வேலையைச் செய்து வந்திருக்கிறது.

பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. எமது வெக்கையில் 1 கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் தேவை. கணக்கின்படி, 17 கிராம் நீர் ஆவியானால் 1 லீற்றர் நீரின் வெப்பம் 10 பாகை குறையும். வெளியிலிருந்து வெப்பம் வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் இன்னும் கூடுதலாக ஆவியாக வேண்டும். என்றாலும் பானைத் தண்ணீர் சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை குளிர்ந்து நிற்கும். பிளாஸ்ரிக் கானில் நீர் கசிவதில்லை. எனவே அது காற்றைவிடக் குளிர வழியில்லை.

கவனிக்க வேண்டியவை சில. கொதிநீரை நேரே பானையில் ஊற்றினால் பானை வெடிக்கலாம். ஆறவைத்த பின்பே ஊற்றுங்கள். பானையை நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஈரமணல் மீது வையுங்கள். வர்ணம் பூசாதீர்கள். சுண்ணாம்புத் தண்ணீரால் துளைகள் அடைபட்டால் வெளிப்புறத்தைத் தும்பால் தேயுங்கள். வாயை மூடி வைத்து, காம்புள்ள அகப்பையால் மட்டும் அள்ளுங்கள். குளிர்ந்த நீரெல்லாம் சுத்தமான நீரல்ல. பானை குளிரச் செய்யுமே தவிரக் கிருமியைக் கொல்லாது. சோளகம் வீசும் காலத்தில் நன்கு குளிரும். மாரியில் காற்றே ஈரமாயிருப்பதால் அவ்வளவாகக் குளிராது. பானை இல்லாதவர்கள் கானைச் சுற்றி ஈரச்சாக்கைக் கட்டலாம். சாக்கை நனைக்கும் நீர் கானின் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விறகு பற்றியும் ஒரு வார்த்தை. நீர் நன்கு கொப்புளித்துக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் போதும். ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வேண்டும். அதனை முழுவதும் ஆவியாக்க மேலும் 540 வேண்டும். அடுப்பில் வீணே ஆவியாவது உங்கள் விறகு. பானையில் ஆவியாவதோ உங்கள் வெக்கை.

நிவாரணம் வழங்குவோரிடம் ஒன்று கேட்கிறோம். பிளாஸ்ரிக் கான் கொடுப்பது நல்லதே. தண்ணீர் சுமக்க அது வேண்டும். ஆனால் அதனுடன் குடும்பத்துக்கொரு மண்பானையும் கொடுங்கள். பானை உடையும் என்பீர்கள். தூரத்திலிருந்து லொறியில் ஏற்றினால் உடையத்தான் செய்யும். அருகிலுள்ள குயவரிடம் வாங்கினால் உடைவதும் குறையும், அவர் வீட்டு அடுப்பும் எரியும்.

மக்கள் அறியாமையால்தான் நோயுறுகிறார்கள் என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தாய்க்கு அறிவு குறையவில்லை. ஒரு பானைதான் குறைந்திருந்தது.