ஊசியும் எழுதுகோலும்

பொல்பிட்டியவில் மலைநீர் விழுந்து மின்சாரமாகிறது. 1969ஆம் ஆண்டு முதல் அங்குள்ள நீர்மின் நிலையம் நாட்டின் பொது மின்வலைக்கு ஆற்றல் ஊட்டி வருகிறது. அவ்வலையினின்று மின்சாரம் பெற்று இயங்கும் பொறிகளுள், 1978இல் தொடங்கப்பெற்ற கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தின் தையற்பொறிகளும் அடங்கும். மலையினின்று இறங்குவது மின்சாரம் மட்டுமன்று. தேயிலைத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த பெண்மக்கள் பலரும் பாடசாலையை விட்டபின் அத்திசை நோக்கியே இறங்குகின்றனர். அப்பொறிகளின் முன் அமர்கின்றனர். துணியோடு வாழப்போகும் இப்பிள்ளைகளுக்குத் துணியைப்பற்றி நம் பாடசாலைகள் யாது கற்பிக்கின்றன?

2017ஆம் ஆண்டு, பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 42 பாடசாலைகளில் தொடங்கப்பெற்றது. சாதாரண தரப் பரீட்சையில் தவறியோரும் உயர்வகுப்பிற் சேர்ந்து தொழிற்பாடம் பயில அது வழிசெய்தது. அப்பாட வரிசையிற் புடைவையும் ஆடையும் பற்றிய பாடமும், ஆடை வடிவமைப்பும் இடம்பெற்றன. வரவேற்கத்தக்க முயற்சியே இது. எனினும், ஒரு பாடத்தின் பெயரை அட்டவணையிற் சேர்ப்பது எளிது. அதன் உயிரைக் கற்பிப்பது அரிது.

தைத்தல் வேறு, வடிவமைத்தல் வேறு. பிறர் வெட்டித் தந்த துணியைப் பிறர் வரைந்த கோட்டின்மீது ஓட்டுவது தையல். எந்நூல், எவ்வண்ணம், எக்கோலம் எனத் தீர்மானிப்பது வடிவமைப்பு. துணியில் ஒரு பூக்கோலம் இடைவிடாது தொடர்ந்து வரவேண்டுமாயின், அதன் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு அளந்து வரைதல் வேண்டும், இது கணிதம். பருத்தியில் நிலைக்கும் சாயம் பொலியெஸ்டரில் நிலைப்பதில்லை; இது இரசாயனம். இங்கிலாந்தின் உயர்தரப் பரீட்சையிற் கலைப் பாடத்தின் ஒரு பிரிவாகப் புடைவை வடிவமைப்பு அமைந்துள்ளது. மாணவர் எதைக் கண்டார், எவ்வாறு முயன்றார், ஏன் மாற்றினார் என்பவற்றைக் காட்டும் வரைபடக் குறிப்பேடும் அங்கு மதிப்பிடப்படுகிறது. முடிந்த ஆடைக்கு மட்டுமன்றி, அதன் பின்னுள்ள சிந்தனைக்கும் புள்ளி உண்டு.

ஆனால் தோட்டத்துப் பெற்றோர் கைத்தொழிற் பாடம் என்றதும் ஐயுறுவர். அவ்வையத்தை அறியாமை எனத் தள்ளிவிடுதல் தகாது. அதற்கு வரலாறு உண்டு. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையிலான தோட்டப் பிள்ளைகளுக்கே கல்வி தரப் பணித்தது. அதற்கு மேற்பட்ட கல்வி கொழுந்து பறிக்கும் கைகளுக்கு வேண்டாததாகக் கருதப்பட்டது போலும். தமிழகத்தில் 1953ஆம் ஆண்டு இராஜாஜி அரசு, பிள்ளைகள் பாதிப்பொழுது பள்ளியிலும் மீதிப்பொழுது பெற்றோர் தொழிலிலும் பழகுமாறு திட்டம் வகுத்தது. குலக்கல்வி என மக்கள் அதனை எதிர்த்தனர். மறுவருடம் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. இலங்கையில் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை எல்லோர்க்கும் விதித்தது. 1977இல் ஆட்சி மாறியதும் அதுவும் நீங்கிற்று. உங்கள் பிள்ளைக்கு வைத்தியம், எங்கள் பிள்ளைக்குத் தறியா என்னும் வினாவுக்கு நேர்மையான விடை கூறாத எத்திட்டமும் நிலைபெறாது.

அவ்விடை தொழிலை ஒதுக்குவதில் இல்லை. அதனை உயர்த்துவதில் உள்ளது. 1919இல் ஜேர்மனியில் எழுந்த பௌஹவுஸ் கலைக்கூடத்திற் சேர்ந்த பெண்களுட் பெரும்பாலோர் நெசவுப் பிரிவுக்கே அனுப்பப்பட்டனர். ஒதுக்கிவைக்கப்பட்ட அவ்விடத்தையே அவர்கள் ஆராய்ச்சிக் களமாக்கினர். அவர்களுள் ஒருவரான ஆனி ஆல்பர்ஸின் நெசவுகள் 1949ஆம் ஆண்டு நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்திலே தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. நமக்கு அண்மையில், மாத்தளை அலுவிகாரையில், ஏனா த சில்வா கிராமத்துப் பெண்களின் கைவன்மையைக் கொண்டே பத்திக் கலைக்கும் பூத்தையலுக்கும் புதுமதிப்புத் தேடித்தந்தார். தும்பறைப் பகுதியின் தலகுனே நெசவாளர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கோலங்களும் மலைநாட்டின் செல்வமே.

மலையகத் தமிழ்ப் பிள்ளைக்கும் கருவூலம் இல்லாமலில்லை. காமன் கூத்தின் உடையும் ஒப்பனையும், பொங்கல் நாளில் லயத்து வாசலில் இடும் கோலம், கொழுந்தின் நரம்போட்டம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் வரையச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் போதும். அன்று தொழிலாளர்க்கு வழங்கி அவர் கணக்கிலேயே பற்றெழுதிய முரட்டுக் கம்பளியும், இடுப்பிற் கட்டும் படங்கும் கூடப் பாடமாகலாம். எது எவ்வேலைக்கு ஏன் நெய்யப்பட்டது, அதன் விலையை யார் கொடுத்தார் எனக் கேட்கத் தெரிந்த மாணவி, துணியோடு தன் வரலாற்றையும் கற்றவளாவாள்.

இதற்கு வேண்டுவன மூன்று. தமிழில் தரமான பாடநூலும் பயிற்சிபெற்ற ஆசிரியரும் வேண்டும். பரீட்சையிற் பின்தங்கியோரைச் சேர்த்துவைக்கும் மூலையாக இப்பாடம் ஆகிவிடலாகாது. கணிதத்தில் முதலிடம் பெறும் மாணவியும் விரும்பி ஏற்பதாக அமைதல் வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, இப்பாடம் கற்றோர்க்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் புடைவைத் தொழில்நுட்பம், ஆடை வடிவமைப்பு போன்ற உயர்கல்விக்குச் செல்லும் பாதை திறந்திருத்தல் வேண்டும். அப்பாதை அடைபட்டிருக்குமாயின், பாடத்தின் பெயர் எத்துணை அழகாயினும் அது தொழிற்சாலைக்கு ஆள் திரட்டும் வேலையாகவே முடியும்.

ஊசி பிடிக்கும் கைக்கு ஊதியம் பிறர் விதிப்பது. எழுதுகோல் பிடிக்கும் கை தன் விலையைத் தானே பேச வல்லது. நம் பாடசாலைகள் மலையகப் பெண்ணின் கையில் எதைக் கொடுக்கப்போகின்றன என்பதே இப்பாடத்தைப்பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வி.