வலி தொடங்கும்போது வைத்தியசாலை தூரத்தில்: சப்ரகமுவ தோட்டப் பிள்ளைகளின் வலி யாருடைய பொறுப்பு?

முன்தோல் நீக்கும் சத்திரசிகிச்சை சிறியது. அதனாலேயே அதன் வலியும் சிறியதென்று பெரியவர்கள் நினைத்துவிடுகிறோம். மாவனெல்லை, பலாங்கொடைப் பகுதி முஸ்லிம் குடும்பங்களில் இது சுன்னத்து. தோட்டத் தமிழ்க் குடும்பங்களில் முன்தோல் இறுக்கம், சிறுநீர்த் தொற்று போன்ற காரணங்களுக்காக வைத்தியர்கள் செய்வது. காரணம் எதுவானாலும் வலி ஒன்றுதான்.

சத்திரசிகிச்சையின்போது இடுப்புக்குக் கீழே விறைக்கப் போடும் ஊசி சுமார் நான்கு முதல் ஆறு மணி நேரம் வலியை மறைக்கும். பிள்ளையை அன்றே வீட்டுக்கு விட்டால், ஊசியின் வேகம் குறையும் நேரத்தில் தாயும் பிள்ளையும் தெரணியகலைக்கோ இறக்குவானைக்கோ போகும் பஸ்ஸில் இருப்பார்கள். உண்மையான வலி லயன் அறையில், இரவில்தான் தொடங்குகிறது.

அந்த நேரத்தில் யாரிடம் போவது? 1992 இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது. பெரும்பாலான தோட்டங்களில் இருப்பது கம்பனியின் டிஸ்பென்சரி. அதை நடத்துபவர் தோட்ட வைத்திய உதவியாளர், எம்.பி.பி.எஸ் வைத்தியர் அல்ல. அரச வைத்தியசாலையில் நடந்த சத்திரசிகிச்சை பற்றி அவருக்கு யாரும் அறிவிப்பதில்லை என்றே நான் பேசிய தாய்மார் சொல்கிறார்கள். மருந்துத் துண்டு ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில். தாய்க்குப் புரிந்தது பாதி. தமிழ் 1987 முதல் அரசகரும மொழி என்பது வாட்டு வாசலோடு நின்றுவிடுகிறது.

புரியாத பாதியில்தான் ஆபத்து. பரசிட்டமோல் அளவைப் பிள்ளையின் வயதைவிட நிறையைப் பார்த்துக் கணக்கிடுவதே சரி: கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணிக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. 12 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியென்றால் அது 7.5 மில்லிலீற்றர். ஆனால் 250 மில்லிகிராம் உள்ள பாணியும் கடையில் உண்டு. 'ஒன்றரைக் கரண்டி' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், போத்தல் மாறும்போது அளவு இரண்டு மடங்காகும். அதற்குப் பயந்து குறைத்துக் கொடுத்தால் பிள்ளை இரவு முழுக்க அழும்.

அழுகை வரும்வரை காத்திருக்காமல், முதல் இரண்டு நாள் நேரம் பார்த்துக் கொடுப்பதே நல்லது. அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. கோடீன் கலந்த மாத்திரைகளை 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வலிக்காகக் கொடுக்கக் கூடாதென 2017 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அறிவித்தது. இரத்தினபுரி போன்ற டெங்கு மாவட்டத்தில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும்: காய்ச்சல் கண்டால் இபுபுரூபன் கொடுக்கக் கூடாது. வெட்டிய இடத்தில் மெல்லிய மஞ்சள் படலம் படிவது ஆறுவதன் அடையாளம். ஆனால் அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம், சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல், அரை நாளாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் இலவசம்.

'சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், மறந்துவிடும்' என்பார்கள். 1997 இல் வெளியான கனடிய ஆய்வு வேறு கதை சொன்னது. வலி மருந்தில்லாமல் முன்தோல் நீக்கப்பட்ட ஆண் குழந்தைகள், நான்கு முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிட அதிகமாக அழுதார்கள். மனம் மறந்தாலும் உடம்பு மறப்பதில்லை.

இதை வடக்கு, கிழக்கு வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. 2009 இல் வன்னியில் மயக்க மருந்தில்லாமல் அவயவங்கள் அகற்றப்பட்டதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 அறிக்கையில் பதிவு செய்தது. அங்கே மருந்து தடுக்கப்பட்டது. 2022 நெருக்கடியில் டொலர் இல்லாமல் மருந்து தீர்ந்து, பேராதனை வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. தோட்டத்து இரவில் நடப்பது இந்த இரண்டும் அல்ல. மருந்து நாட்டில் இருக்கிறது, விலையும் பெரிதல்ல. அது பிள்ளையின் வாய்க்குச் சரியான அளவில் போய்ச் சேரும் வழிதான் இல்லை. 1977, 1983 வன்செயல்களில் விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த குடும்பங்களின் உறவுகள் இன்னும் இந்த லயன்களில் இருக்கிறார்கள். அதனால் இது தூரத்துப் பிரச்சினையும் அல்ல.

தீர்வுக்குப் புதிய கட்டடம் வேண்டாம். வாட்டிலிருந்து அனுப்பும்போது பிள்ளையின் நிறை, மில்லிலீற்றர், மணி மூன்றும் தமிழில் எழுதிய அட்டை ஒன்று. அளவு குறித்த சிறிஞ்சியோடு இரண்டு நாளுக்குரிய மருந்து. தோட்ட வைத்திய உதவியாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. தோட்டச் சுகாதாரத்தை அரசு முழுமையாகப் பொறுப்பேற்கும் என்ற வாக்குறுதி பல ஆட்சிகளைக் கண்டுவிட்டது. அது நிறைவேறும்வரை காத்திருக்கப் பெரியவர்களுக்கு முடியும். ஊசியின் வேகம் ஆறு மணி நேரம்தான்.